புள்ளி இருந்தால் பாயசம்

நவம்பர் 3, திங்கள்
வானிலை: மேகமூட்டம். மாலையில் மழை பெய்யலாம். பெய்யாமலும் இருக்கலாம்.

காலையில் டாக்டர் அம்மா வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிப் பேசினார். இந்த 'மாலைத்தென்றல்' முதியோர் இல்லத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் இருக்கிறோம். போன வருடம் இதே பருவத்தில் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் பாதிப் பேரைப் படுக்க வைத்துவிட்டது. மருத்துவமனைக்குப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. அவர்களுடைய நாற்காலிகள் இன்னும் கூடத்தில் சுவரோரமாக இருக்கின்றன. யாரும் அவற்றில் உட்காருவதில்லை. அப்புறப்படுத்துவதும் இல்லை.

திரும்பி வந்தவர் குப்புராஜ். என் பக்கத்து அறைக்காரர், சாப்பாட்டு மேசையிலும் பக்கத்து நாற்காலிக்காரர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பையைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர விசிலைக் கொடுக்கவில்லை. சாப்பிட உட்காரும்போது ஒரு விசில், எழும்போது இரண்டு விசில். ஒன்று வண்டியை நிறுத்த, இரண்டு எடுக்க. அவருடைய இரட்டை விசில் கேட்காமல் எங்கள் மேசையில் யாரும் கை கழுவப் போனதில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய மூச்சு ஒரு விசிலுக்குத்தான் போதுகிறது. இரண்டாவது வருவதில்லை.

அவருக்கு இந்தத் தடுப்பூசி ஆகாது. முன்பு ஒரு முறை போட்டபோது தொண்டை வீங்கி மூச்சடைத்துப் பெரிய பாடாகிவிட்டது. அதனால் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அறையிலேயே இருக்கிறார். சாப்பாடும் அங்கேதான்.

"குப்புராஜுக்குப் போட முடியாது. சுத்தி இருக்கிற நீங்க எல்லாரும் போட்டுக்கிட்டா அவருக்கும் ஒரு பாதுகாப்பு. எல்லாரும் போட்டாச்சுன்னு சிஸ்டர் சொல்லட்டும். அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு விடறேன்," என்றார் டாக்டர் அம்மா.

"ஏனுங்க, போட்டா காய்ச்சல் வராதுங்களா?" என்று கேட்டார் நஞ்சப்பன். தோட்டம் தொரவு, நாற்பது எருமை என்று வாழ்ந்தவர்.

"வர்றதுக்கு வாய்ப்பு குறையும். வந்தாலும் லேசா வந்துட்டுப் போகும்."

"இதென்னங்க, நம்ம நீலமேகம் மழை சொல்ற மாதிரி இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நீலமேகம் நான்தான். வானிலை நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். டாக்டர் அம்மா பேசிய முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்
வானிலை: தூறல். மழை என்று சொல்ல முடியுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

தடுப்பூசி வேலை இப்படி நடக்கும் என்று சிஸ்டர் ஜெசிந்தா அறிவித்தார். டாக்டரின் கிளினிக்கிலிருந்து ஒரு தம்பி செவ்வாயும் வெள்ளியும் மதியம் ஐஸ் பெட்டியோடு வருவார். ஊசி போட்டதும் இடது சுண்டுவிரலில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி வைப்பார். சிஸ்டர் நாகர்கோவில் பக்கம் பல வருடம் போலியோ சொட்டு மருந்து முகாம்களில் வேலை செய்தவர். குழந்தைகளுக்கு அங்கே சுண்டுவிரலில் இப்படித்தான் அடையாளம் வைப்பார்களாம். கிளினிக்கில் கணக்குப் பார்ப்பது மாதக் கடைசியில்தான். அதுவரை விரல்தான் கணக்கு.

"போட்டாச்சுன்னு வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன், பாத்துக்கிடுங்க. விரல காட்டணும். புள்ளி இருக்குதவுகளுக்கு தினமும் ராத்திரி ஒரு கப்பு சேமியா பாயசம்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. இங்கே முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை. இந்தப் பாயசம் வேறு வகைச் சர்க்கரையில் செய்வது என்று சமையலறையில் சொன்னார்கள். இருந்தாலும் பாயசம் பாயசம்தான்.

மதியம் ஊசித் தம்பி வந்தபோது நான் கைக்குட்டைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமையும் வருவார் அல்லவா.

இரவில் ஒரு விபரீதம். நான் இடதுகைக்காரன். மைப்பேனாவில்தான் எழுதுவேன். எழுதும்போது சுண்டுவிரல் ஈர மையில் உரசும். மை ஊதா நிறம். சிஸ்டர் பாயச வாளியோடு வரிசையாக விரல் பார்த்துக்கொண்டு வந்தவர், என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"பாருங்க எல்லாரும்! நீங்க ஆளாளுக்கு கைய இழுத்து ஒளிச்சு வைக்கிய. சார் ஒரு சத்தமில்லாம போய் போட்டுட்டு வந்திருக்காக!"

நான் வாயைத் திறந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நாற்பது பேர் கைதட்டும்போது 'இது பேனா மை' என்று சொல்வதற்கு ஒரு தனிக் குரல் வேண்டும். எனக்கு அது அமையவில்லை.

நாளை சொல்லிவிட வேண்டும். பாயசத்தில் முந்திரி இருந்தது.

நவம்பர் 5, புதன்
வானிலை: வெயில் மாதிரி இருந்தது.

நாளை சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி
வானிலை: கிழக்கே கருமேகம். அது இங்கே வரலாம், வராமல் பாலக்காட்டுப் பக்கம் போகலாம்.

காலையில் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க படிச்சவுக. நீங்க போட்டுக்கிட்டதப் பாத்துதான் இன்னிக்கு போட்டுக்கிடுதோம்னு நெறையப் பேரு சொல்லியிருக்காக. மிச்சம் இருக்குதவுககிட்ட நீங்களே பேசுங்க," என்றார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் "சரிம்மா" என்ற வார்த்தை தானாக வந்துவிட்டது.

முதலில் நஞ்சப்பனிடம் போனேன்.

"ஊசியா? எனக்கு ஊசியப் பத்தி நீங்க சொல்றீங்களாக்கும்! என்ற எருமைக்கெல்லாம் நானே போட்டிருக்கறனுங்க. போட்ட மூணாம் நாளு பால் பாதியா குறைஞ்சு போச்சுங்க."

நான் யோசித்துப் பார்த்து, "நமக்கு அந்தக் கவலை இல்லையே," என்றேன். அவரும் யோசித்தார். "அதுஞ் சரிதானுங்க," என்றார். ஆனால் வரவில்லை.

அடுத்து அம்சவேணி அம்மாள். தலைமையாசிரியையாக இருந்தவர். இப்போதும் அவர் பார்த்தால் நான் கைகட்டி நிற்கிறேன். ஜாக்கெட் கையை ஏற்றி மேல்கையில் இருந்த பழைய அம்மைத் தழும்பைக் காட்டினார். எட்டணாக் காசு அளவு இருந்தது.

"எனக்கு ஆறு வயசுலேயே போட்டாச்சு சார். பாருங்க, கவர்ன்மெண்ட் முத்திரை. ஒரு தடவை பாஸ் பண்ணினவங்க மறுபடி எதுக்குப் பரீட்சை எழுதணும்?"

"அது பெரியம்மைக்கு அம்மா. இது வேறு…"

"வலிச்சுதா?" என்று திடீரென்று கேட்டார்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஊசி."

"குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை," என்றேன். ஒரு விதத்தில் அது உண்மைதான். அவர் என் சுண்டுவிரலை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு, "ஓ," என்றார். எதற்கு 'ஓ' என்று தெரியவில்லை.

மதியம் ஊசித் தம்பி வந்தபோது கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை மட்டும் வெட்டி நிறுத்துவது முறையல்ல.

நவம்பர் 10, திங்கள்
வானிலை: விட்டுவிட்டு மழை.

ஒரு சந்தோஷமான செய்தி. மூன்று நாட்களாக என்னிடம் வானிலை கேட்க ஆட்கள் வருகிறார்கள். நான் இங்கே வந்து நான்கு வருடமாகிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டாலும் பதில் முடிவதற்குள் போய்விடுவார்கள். இப்போதோ ஒருவர் பின் ஒருவராக அறைக்கு வந்து, மேசையருகே நின்றுகொண்டு, "சார், இன்னிக்கு எப்படி?" என்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மேகங்களைக் காட்டி விளக்குகிறேன். முடித்துத் திரும்பும் வரை நிற்கிறார்கள். நஞ்சப்பன்கூட வந்தார்.

"இது திரள்மேகம், அதற்கு மேலே இருப்பது கீற்றுமேகம்," என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க, சொல்லுங்க. அக்கட்டாலயே பாத்துச் சொல்லுங்க. திரும்பாதீங்க."

இவ்வளவு ஆர்வத்தை நான் எதிர்பார்க்கவில்லை. போகும்போது அம்சவேணி அம்மாள், "நீங்க இவ்வளவு நாள் எங்களுக்குப் பயன்படாம இருந்துட்டீங்களே," என்றார்.

நம்மைப் பற்றி நாமே குறைவாக எடை போட்டுவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அதுவும் சற்று அதிகப்படியோ என்று தோன்றியது.

நவம்பர் 12, புதன்
வானிலை: ஈரப்பதம் அதிகம். துண்டு காயவில்லை.

மாலையில் குப்புராஜின் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கம்பிக்கு ஒரு கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது சிஸ்டரின் உத்தரவு. அவர் தடுப்பூசியை 'டிக்கெட்' என்றுதான் சொல்வார்.

"யோவ் வானிலை, வண்டியில எத்தனை பேர் டிக்கெட் எடுத்தாச்சு?"

"கூடத்துப் பலகையில் முக்கால்வாசி என்று போட்டிருக்கிறார்கள். வேகமாக ஏறுகிறது."

"நஞ்சப்பன் எடுத்துட்டானா?"

"விரலில் புள்ளியைப் பார்த்தேன்."

"அம்சவேணி டீச்சர்?"

"அவர் விரலிலும் இருக்கிறது. எதைக் கேட்டு மனம் மாறினாரோ தெரியவில்லை. நான் பேசியதாகவும் இருக்கலாம்."

"நீ பேசியா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. "எனக்கு இந்த ரூமுக்குள்ள தனியாச் சாப்பிடறதுதான்யா பெரிய தண்டனை. தட்டையே பாத்துட்டுத் திங்க வேண்டியிருக்கு. இட்லிகிட்ட எவ்வளவு நேரம் பேசறது? உன்ற பக்கத்துல உக்காந்து, ஒரு வாய் சாம்பார ஊத்திட்டு, உன்னைய நாலு வார்த்தை வையணும். அது போதும்."

"கூடிய சீக்கிரம்," என்றேன்.

"நீ டிக்கெட் எடுத்துட்டியில்ல?"

விரலைக் காட்டினேன். அவர் விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "சரி, சரி," என்றார்.

அறைக்கு வந்து சட்டை பட்டன்களைச் சரிபார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனாலும் இரண்டை அவிழ்த்து மறுபடி தைத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி
வானிலை: மழை.

ஒரு விளங்காத விஷயம். மேசைமேல் இருக்கும் மைப்புட்டியில் மை வேகமாகக் குறைகிறது. புட்டியின் வெளியே பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். ஒரே நாளில் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஈரப்பதத்தில் என் துண்டே காயவில்லை, மை எப்படிக் காயும்? மூடி சரியாகத்தான் இருக்கிறது. நான் அதிகமாக எழுதுகிறேனோ? இந்தப் பத்தியைச் சுருக்கிக்கொள்கிறேன்.

மதியம் தலையணை உறை மாற்றும் வேலை இருந்தது. ஊசித் தம்பி சீக்கிரம் போய்விட்டார். வேலை குறைவாம்.

நவம்பர் 17, திங்கள்
வானிலை: தெளிந்த வானம் என்று தோன்றுகிறது.

பெரிய நாள். எல்லோருக்கும் புள்ளி வந்துவிட்டதாகச் சிஸ்டர் பலகையில் எழுதி, கீழே ஒரு பூவும் வரைந்தார். டாக்டர் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நாளை இரவுச் சாப்பாட்டுக்குக் குப்புராஜ் கூடத்துக்கு வரலாம்! செய்தி கேட்டதும் அவருடைய அறையிலிருந்து ஒரு விசில் வந்தது. இரண்டாவதை எதிர்பார்த்து நின்றேன். வரவில்லை. பரவாயில்லை.

பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றபோது ஒன்று தோன்றியது. 'எல்லோரும்' என்பதில் நானும் சேர்த்தி. நான் ஒருவன்தானே, மற்ற எல்லோரும் போட்டுக்கொண்டாயிற்றே, ஒரு ஆளால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பிறகு, அந்த ஒரு ஆளின் நாற்காலிதான் குப்புராஜுக்குப் பக்கத்து நாற்காலி என்பதும் நினைவுக்கு வந்தது. நாளை செவ்வாய். ஊசித் தம்பி ஒருவேளை வந்தால், ரகசியமாக ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். கேட்காமலும் இருக்கலாம்.

மை அடியோடு தீர்ந்துவிட்டது. வாட்ச்மேனைக் கடைக்கு அனுப்பினேன். ஊதா இல்லையாம், பச்சைதான் கிடைத்தது. புதுப்புட்டியின் மூடி சரியில்லாததால் பச்சை மையைப் பழைய புட்டியிலேயே ஊற்றி வைத்தேன். பழைய புட்டி கறுத்துப் போயிருப்பதால் மையின் மட்டம் தெரியுமே தவிர நிறம் வெளியே தெரிவதில்லை. இந்த வரிகளைப் பச்சையில் எழுதுகிறேன். பார்க்கப் பழக்கமில்லாததாக இருக்கிறது.

மாலையில் வானிலை கேட்க வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். விளக்குப் போட வேண்டாம் என்றார்கள். இருட்டில் மேகம் தெரியாது என்றேன். பரவாயில்லை, மனதால் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்
வானிலை: கீழே பார்க்கவும்.

காலைப் பலகாரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரே அம்சவேணி அம்மாள் இட்லியைப் பிட்டார். தட்டைப் பிடித்திருந்த அவருடைய இடது சுண்டுவிரல் பச்சையாக இருந்தது.

பக்கத்து மேசையில் நஞ்சப்பன் டம்ளரைத் தூக்கினார். பச்சை. அவருக்குப் பின்னால் இரண்டு பேர். பச்சை. ஜன்னலோரம் ஒரு வரிசையே பச்சை. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். எல்லோரும் வானிலையில் ஆர்வம் உள்ளவர்கள்.

ஆவியான மை எங்கே போயிற்று என்பது தெரிந்தது. பேனா மை குளித்தால் போய்விடும், அதனால்தான் தினமும் வந்திருக்கிறார்கள். நான் மேகங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதும் தெரிந்தது. அதில் எது அதிகம் வலித்தது என்று எழுதாமல் விடுகிறேன்.

அவர்களும் அதே நேரத்தில் ஒருவர் விரலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்கள். நஞ்சப்பன் விரலைச் சட்டினிக் கிண்ணத்துக்குள் வைத்துக்கொண்டார். அது கொத்தமல்லிச் சட்டினி என்பதால் ஒரு விதத்தில் நல்ல யோசனை.

சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு வந்தார். அம்சவேணி அம்மாளுக்கு மாத்திரை கொடுக்க அவருடைய இடது கையை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், இது என்ன பச்சையா இருக்கு?"

அம்சவேணி அம்மாள் கண் இமைக்கவில்லை. "ஆமாம் சிஸ்டர், நானும் கவனிச்சேன். மழைக்காலம் இல்லையா? காத்துல ஈரம் அதிகமானா ஊதா பச்சையா மாறிடும். சயின்ஸ்."

"அப்படியா? ரெண்டு வாரத்துக்கு முன்ன போட்டவுகளுக்கு ஊதாவாத்தானே இருக்கு?"

"அவங்கவங்க உடம்பு வாகு. சந்தேகம்னா நம்ம நீலமேகம் சாரைக் கேளுங்க. ஈரப்பதம் எல்லாம் அவர் சப்ஜெக்ட்."

"ஆமாங்க, அவரு சொன்னா செரியா இருக்குமுங்க," என்றார் நஞ்சப்பன், சட்டினியிலிருந்து விரலை எடுக்காமல்.

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. அம்சவேணி அம்மாளின் பார்வை, ஒரு வார்த்தை, ஒரே ஒரு தலையாட்டல் போதும் என்று சொன்னது. அவர் கேட்டது பெரிய விஷயம்கூட இல்லை. நான் வழக்கமாகச் சொல்லும் பதில்தான். 'மாறலாம். மாறாமலும் இருக்கலாம்.' வாழ்நாள் முழுவதும் சொன்ன வாக்கியம். நாக்கின் நுனியில் தயாராக நின்றது.

சிஸ்டர் என் பக்கம் வந்தார். "சார், நீங்க சொல்லுங்க. மாறுமா?"

அப்போது வராந்தாவைக் கடந்து சலவைக்காரர் போனார். கையில் தேய்த்த காக்கிச் சட்டை. குப்புராஜின் பழைய யூனிஃபார்ம். இன்றிரவு கூடத்துக்கு வருவதற்காகத் தேய்க்கக் கொடுத்திருந்தார் போலும். சுவரோரம் இருந்த இரண்டு நாற்காலிகளும் என் கண்ணில் பட்டன.

"மாறாது," என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மறுபடி சொல்லிப் பார்த்தேன். "மாறாது. ஈரப்பதத்தால் மாறாது. வெயிலாலும் மாறாது. அது என் மை. நேற்று வரை ஊதா, இன்று பச்சை. தயவுசெய்து குப்புராஜை இன்றைக்கு வெளியே விட வேண்டாம்." பிறகு என் இடது கையைத் தூக்கினேன். சுண்டுவிரல் மற்ற எல்லோரையும்விடப் பச்சையாக இருந்தது. "எனக்கும் போடவில்லை. முதல் நாளிலிருந்தே."

பிறகு சிஸ்டர் பேசினார். முழுவதையும் எழுத என்னிடம் மை இல்லை.

"கள்ளப் பாயசமா குடிச்சிய? தினம் ராத்திரி வாளியத் தூக்கிட்டு வந்தேனே! நஞ்சப்பய்யா, நீங்க ரெண்டாம் தடவ கேட்டு வாங்குனிய! டீச்சர், பிள்ளைய காப்பி அடிச்சா நீங்க என்ன செய்வியளாம்?"

"வெளியே நிக்க வைப்பேன்," என்றார் அம்சவேணி அம்மாள், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்பம் எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க. மதியம் அந்தத் தம்பி வருவான். வரிசையா!" என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க முன்னால."

பலகையிலிருந்த பூவை அவரே அழித்தார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது குப்புராஜின் ஜன்னலுக்குப் போனதுதான். காக்கிச் சட்டை போட்டு, தலை வாரி, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஊசி போட்டு, அது உடம்பில் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும் என்று சிஸ்டர் சொன்னதையும் சொன்னேன்.

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கட்டிலில் வைத்தார். பிறகு, "யாரு யாரு வித்தவுட்டு?" என்று கேட்டார்.

"நிறையப் பேர். நானும்."

"உன்னைய எனக்குத் தெரியும்யா. மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. நீயா எறங்கி வந்து டிக்கெட் கேப்பன்னு பாத்துட்டிருந்தேன்." காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. "போ. போய் எடுத்துட்டு வா."

வானிலை பார்க்க மறந்துவிட்டேன். மேலே 'கீழே பார்க்கவும்' என்று எழுதியது தவறு.

நவம்பர் 19, புதன்
இடது கை வலி. எழுத முடியவில்லை.

நவம்பர் 20, வியாழன்
வானிலை: மழை பெய்தது.

கை பரவாயில்லை. செவ்வாய் மதியம் நடந்ததை முறையாகப் பதிவு செய்கிறேன்.

வரிசையில் முதலில் நான் நின்றேன். பார்க்காமல் இருந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு மேக வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். கீற்றுமேகம், திரள்மேகம், படைமேகம், கார்மேகம். கார்மேகத்துக்குப் பிறகு எதுவும் நடக்காததால், "தம்பி, எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கண்ணைத் திறந்தேன். தம்பி எனக்குப் பின்னால் நின்ற அம்சவேணி அம்மாளுக்குப் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என் விரலில் ஊதாப் புள்ளி இருந்தது, பச்சைக்கு மேலே.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான் போலிருக்கே," என்றார் அம்சவேணி அம்மாள். எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நஞ்சப்பன் மட்டும் சட்டையைக் கழற்றியதும் தம்பியின் தட்டை ஆராய்ந்தார். "இவ்வளவு சின்ன ஊசியா? எருமைக்கு இத்தாச்சோடு இருக்குமுங்க," என்று கையை விரித்துக் காட்டியவர், அப்படியே கண் சொருகிச் சாய்ந்தார். ஊசி இன்னும் தட்டில்தான் இருந்தது. நான்கு பேர் தாங்கிப் பிடித்து, கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்து உட்கார வைத்தோம். கண் விழித்ததும், "பால் குறையாதுங்களே?" என்றார். பிறகு போட்டுக்கொண்டார்.

அவர் உட்கார்ந்திருந்தது சுவரோர நாற்காலிகளில் ஒன்று என்பதைப் பிறகுதான் கவனித்தோம். இரவில் அது மேசைக்கே வந்துவிட்டது. மற்றதையும் யாரோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

பாயசம் இரண்டு வாரத்துக்கு நிறுத்தம். எல்லோருக்கும்தான். நேர்மையாகப் புள்ளி வைத்துக்கொண்டவர்கள் எங்களோடு பேசுவதில்லை.

நவம்பர் 26, புதன்
வானிலை: லேசான காற்று.

யாரும் வானிலை கேட்க வரவில்லை. மைப்புட்டியில் பென்சில் கோடு போட்ட இடத்திலேயே மை நிற்கிறது. அதைப் பார்க்கச் சற்று வருத்தமாக இருக்கிறது.

மாலையில் கதவு தட்டும் சத்தம். அம்சவேணி அம்மாள். கையில் ஊதா மைப்புட்டி, புதிது. டவுனுக்குப் போன மகளிடம் சொல்லி வாங்கினாராம். "நாங்க எடுத்ததுக்கு," என்றார். போகாமல் நின்றார். பிறகு, "நாளைக்கு எப்படி சார்?" என்று கேட்டார்.

ஜன்னல் பக்கம் திரும்பலாமா என்று யோசித்தேன்.

"திரும்பிக்கோங்க, நான் எதையும் தொட மாட்டேன்," என்றார்.

முழுவதையும் சொன்னேன். கீற்றுமேகம் வரும்போது கொட்டாவி விட்டார். ஆனாலும் நின்றார்.

டிசம்பர் 5, வெள்ளி
வானிலை: நாளை மழை வரும்.

டாக்டர் அம்மா கிளினிக் கணக்கையும் எங்கள் விரல்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஆனாலும், யாருக்காவது தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும் என்றார். எல்லா ஜன்னல்களையும் நானே திறந்தேன்.

இரவு ஏழரைக்குக் குப்புராஜ் வந்தார். காக்கிச் சட்டை தொளதொளவென்று இருந்தது. உடம்பு இளைத்திருக்கிறது. வாசலில் நின்று எல்லோருடைய சுண்டுவிரலையும் பார்த்துக்கொண்டே வந்தார். "முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள எடம் இருக்குது," என்று யாருமில்லாத இடைவெளியில் சொல்லிக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு விசில். கூடம் அமைதியானது. சாப்பிட ஆரம்பித்தோம்.

சாம்பாரை ஊற்றிக்கொண்டதும் என்னைத் திட்டத் தொடங்கினார். என் சட்டை பட்டனில் ஆரம்பித்து, நான் முருங்கைக்காய் சாப்பிடும் முறை, வானிலை நிலையம் என்ற ஒன்று இருக்க வேண்டிய அவசியம் வரை போனார். நஞ்சப்பன், "ஏனுங்க, இந்தாளை மறுபடி ரூமுக்குள்ள போட முடியாதுங்களா?" என்று சிஸ்டரைக் கேட்டார். சிஸ்டர் பாயச வாளியை வைத்துவிட்டுச் சிரித்தார். எல்லோருக்கும் இரண்டு கரண்டி. முந்திரி இருந்ததா என்று கவனிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மேசையில் பேச்சு தானாகவே நின்றது. யாரும் எழவில்லை. எச்சில் கையோடு எல்லோரும் காத்திருந்தோம்.

குப்புராஜ் விசிலை வாயில் வைத்தார். ஒன்று ஊதினார். நன்றாகத்தான் வந்தது. மூச்சை இழுத்தார். மறுபடி ஊதினார். காற்று மட்டும் வந்தது, சத்தம் இல்லை. இன்னொரு முறை முயன்றார். தோள் மட்டும் ஏறி இறங்கியது. விசிலை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்தார்.

ஒரு விசில் என்றால் நில். கூடம் முழுவதும் நின்றிருந்தது.

"ரைட்!" என்று யாரோ கத்தினார்கள்.

கத்தியது நான்தான். எழுந்து வேறு நின்றிருந்தேன். கையில் பாயசக் கரண்டி. சமையலறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அம்சவேணி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னிடம் அவ்வளவு குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

நாற்காலிகள் கரகரவென்று பின்னால் போயின. எல்லோரும் எழுந்து கை கழுவப் போனார்கள்.

குப்புராஜ் என்னை அண்ணாந்து பார்த்தார். என் இடது மேல்கையில், சரியாக ஊசி போட்ட இடத்தில், ஒரு குத்து விட்டார். வலித்தது.

"டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு," என்றேன்.

"அப்ப உக்காருய்யா. வண்டி போயிட்டிருக்குது."